லென்ஸில் கீறல்: பாலிஷைப் பழிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

அம்பத்தூரில் சிறிய லென்ஸ் லேப் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் லென்ஸின் வளைவை வெட்டும் ஜெனரேட்டர் ஒன்றும், வெட்டிய பரப்பைத் தேய்த்துப் பாலிஷ் செய்யும், இரண்டு ஸ்பிண்டில் (லென்ஸைத் தேய்க்கும் சுழல் தண்டு) உள்ள சிலிண்டர் மெஷின் ஒன்றும் இருக்கின்றன. ஒளிவிலகல் எண் 1.50, 1.56 உள்ள பிளாஸ்டிக், பாலிகார்பனேட் ஆகிய மூன்று வகைகளிலும் லென்ஸ் செய்கிறார். கோட்டிங்கை வெளியே கொடுத்து வாங்குகிறார். சில வாரங்களாகக் கோட்டிங் முடிந்து திரும்பும் லென்ஸ்களின் பின்பரப்பில், அதாவது கண்ணை நோக்கிய பக்கத்தில், கீறல்கள் தெரிகின்றன. பாலிஷ் திரவத்தை இரண்டு முறை மாற்றியும் பலனில்லை. அடுத்து, டூலில் (லென்ஸைத் தேய்க்கும் வளைந்த அச்சில்) ஒட்டும் பேட்களை மாற்றுவதா, மெஷினையே மாற்றுவதா என்பது கேள்வி.

இரண்டும் வேண்டாம். இப்போதைக்கு எதையுமே மாற்றாதீர்கள். பாலிஷ், பேட், நேரம் மூன்றையும் ஒன்றாக மாற்றினால் கீறல் தற்செயலாக நின்றுபோனாலும் எதனால் நின்றது என்று தெரியாது. அது திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து செலவழிக்க வேண்டியதுதான். கீறல் எந்தக் கட்டத்தில் பிறக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. கண்டுபிடித்துவிட்டால் சரிசெய்வதற்குப் பெரும்பாலும் பணமே தேவைப்படாது.

பாலிஷ் மீது பழி விழுவதற்குக் காரணம் இருக்கிறது. ஜெனரேட்டரிலிருந்து வரும் லென்ஸ் மங்கலாக இருக்கும். வெட்டிய தடத்தைப் பேட்டால் தேய்த்து நீக்கும் ஃபைனிங் முடிந்த லென்ஸும் பனி படிந்தாற்போல் மங்கலாகத்தான் இருக்கும். பாலிஷ் முடிந்து பளபளப்பு வந்த பிறகுதான் கண்ணுக்குக் கீறல் தெரிகிறது. அதனால் பாலிஷ்தான் கீறியது என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஜெனரேட்டர் மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி எடுக்கிறது. ஃபைனிங் அதில் மிகச் சிறிய பங்கைத்தான் எடுக்கிறது. பாலிஷ் எடுப்பதோ சில மைக்ரான்களிலிருந்து சில பத்து மைக்ரான்கள் வரைதான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைக்கூடத் தாண்டாது. முந்தைய கட்டம் விட்டுச்சென்ற ஆழமான கோட்டை அது அழிக்க முடியாது. சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டையைச் சுண்ணாம்பு அடித்து மறைக்கப் பார்ப்பது போன்றதுதான் பாலிஷ் நேரத்தைக் கூட்டுவது. நேரம் கூடக்கூட லென்ஸ் சூடேறும், பரப்பில் அலை விழும், ஓரங்கள் தேய்ந்து பவர் மாறும். கீறல் மட்டும் அப்படியே இருக்கும்.

கண்டுபிடிக்க முதலில் சரியாகப் பார்க்க வேண்டும். பல லேப்களில் ஆய்வு மேசைக்கு மேலே ஒரு டியூப்லைட் தொங்குகிறது. கீறலைப் பார்க்க அதைவிட மோசமான விளக்கு கிடையாது. அகலமான வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி மெல்லிய கோடுகளைக் கரைத்துவிடும். சிறிய, ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் ஒளி வேண்டும். ஒரே ஒரு சிறிய எல்.இ.டி. உள்ள டார்ச் போதும். பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அறையைக் கொஞ்சம் இருட்டாக்கி, லென்ஸைப் பல கோணங்களில் சாய்த்துப் பாருங்கள். கோடுகள் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். இன்னொரு வழி, அதே டார்ச்சைச் சற்றுத் தள்ளி நிலையாக வைத்து, லென்ஸின் நிழலை வெள்ளைச் சுவரில் விழச்செய்வது. பரப்பில் உள்ள அலை, ஜெனரேட்டர் தடம் எல்லாம் சுவரில் பெரிதாகத் தெரியும். கூடவே பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றும் வேண்டும்.

கீறல் முன்பரப்பிலா பின்பரப்பிலா என்று உறுதிசெய்யாமல் மேலே போகாதீர்கள். மெல்லிய லென்ஸில் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மார்க்கர் பேனாவால் பின்பரப்பில் கீறலின் நுனிமீது ஒரு புள்ளி வைத்து லென்ஸைச் சாய்த்துப் பாருங்கள். புள்ளியும் கீறலும் சேர்ந்தே நகர்ந்தால் கீறல் பின்பரப்பில் இருக்கிறது. விலகி நகர்ந்தால் முன்பரப்பில். முன்பரப்பு என்றால் உங்கள் பாலிஷுக்கும் ஃபைனிங்குக்கும் அதில் சம்பந்தமே இல்லை. பிளாங்க் (பின்பரப்பு இன்னும் வெட்டாத லென்ஸ்) வரும்போதே கீறியிருக்கலாம், முன்பரப்பைக் காக்கும் டேப் ஒட்டும்போது அடியில் தூசி மாட்டியிருக்கலாம், கழற்றும்போது உரசியிருக்கலாம். கோட்டிங் ஆகிவந்த லென்ஸுக்கு மற்றொரு சோதனை உண்டு. கீறலின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரோ எண்ணெயோ விடுங்கள். கோடு மங்கினால் அது மேற்பரப்பில், அதாவது கோட்டிங்குக்குப் பிறகு விழுந்தது. மாறாமல் அப்படியே தெரிந்தால் அது கோட்டிங்குக்கு அடியில் இருக்கிறது, உங்கள் லேப்பிலிருந்தே போயிருக்கிறது. கோட்டிங் செய்பவரிடம் சண்டைக்குப் போகும் முன் இந்த ஒரு சொட்டைச் செலவழிப்பது நல்லது.

இனி வடிவம். கீறலின் உருவமே அதன் பிறப்பிடத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

ஒரே இடைவெளியில், ஒரே வளைவில், வரிசையாகக் கோடுகள் இருந்தால் அது ஜெனரேட்டர் விட்டுப்போன தடம். பழைய கப் வீல் வகை மெஷின் என்றால் லென்ஸின் குறுக்கே வில் வில்லாக இருக்கும். லென்ஸைச் சுழற்றி வெட்டும் புதிய வகை என்றால் ஓரத்திலிருந்து நடுவரை சுருளாக வரும். நடுவில் மட்டும் சிறிய புள்ளியோ மொட்டோ இருந்தால் வெட்டும் முனை லென்ஸின் மையத்துக்குச் சரியாக வரவில்லை, உயரத்தைத் திருத்த வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மாதிரி ஓர் ஆழமான கோடு திரும்பத் திரும்ப வந்தால் வைர முனையின் விளிம்பு உடைந்திருக்கிறது. முனையைச் சற்றே திருப்பிப் பொருத்தி உடையாத பகுதியைக் கொண்டுவந்தால் அந்தக் கோடு நின்றுவிடும்.

குட்டையான, ஏறக்குறைய ஒரே ஆழமான, வளைந்த கோடுகள் ஏராளமாக, மெஷின் ஆடும் திசையை ஒட்டி இருந்தால் அது ஃபைனிங் பேட் விட்டது. முதல் பேட்டின் தடத்தை இரண்டாம் பேட் முழுமையாக அழிக்கவில்லை என்று பொருள்.

ஒன்றோ இரண்டோ மட்டும், நீளமாக, ஆழமாக, திசையே இல்லாமல், திடீரெனத் தொடங்கி திடீரென முடியும் கோடுகள் வேறு ரகம். ஏதோ ஓர் அந்நியத் துகள் உள்ளே வந்து உருண்டிருக்கிறது. நகத்தால் தடவினால் தட்டுப்படும். நேர்கோடாக, ஒரே திசையில், லேசாக, கொத்தாக இருப்பவை துணியால் துடைத்ததில் வந்தவை. டார்ச்சில் மட்டும் தெரியும் மயிரிழைக் கூட்டமும் லேசான மூட்டமும் இருந்தால் அப்போது மட்டும் பாலிஷ் தொட்டியையும் பாலிஷ் பேட்டையும் சந்தேகப்படுங்கள்.

வடிவத்தைப் பார்த்து ஒரு ஊகத்துக்கு வந்த பின் அதை உறுதிசெய்ய வேண்டும். அதற்கு ஒரே வழி கட்டம் கட்டமாக லென்ஸை நிறுத்திப் பார்ப்பது. எளிய பவர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், மைனஸ் 2.00 ஸ்பியர் போதும், சிலிண்டர் வேண்டாம். ஒரே பெட்டியிலிருந்து சில பிளாங்க்குகள். ஒன்றை ஜெனரேட்டருடன் நிறுத்துங்கள், ஒன்றை முதல் ஃபைனிங்குடன், ஒன்றை இரண்டாம் ஃபைனிங்குடன், ஒன்றைப் பாலிஷ் முடிந்து பிளாக்கிலிருந்து (மெஷின் பிடிப்பதற்காக லென்ஸில் ஒட்டும் கட்டையிலிருந்து) கழற்றாமலே, ஒன்றைக் கழற்றிக் கழுவிய பின். ஒவ்வொன்றையும் நல்ல தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் உலரவிட்டு, லூப்பிலும் டார்ச்சிலும் பாருங்கள். மங்கலான பரப்பில் கீறல் தெரியாது என்று நினைக்காதீர்கள். ஃபைனிங் முடிந்த பரப்பு சீரான சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். அந்தச் சீரில் எங்கேனும் கோடு குறுக்கிட்டால் அது பாலிஷுக்குப் பின்னும் இருக்கும்.

உங்களிடம் இரண்டு ஸ்பிண்டில் இருப்பது பெரிய வசதி. கீறல் வந்த லென்ஸ்கள் எந்த ஸ்பிண்டிலில் ஓடின என்று குறித்து வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலும் வலது கண் லென்ஸ் ஒரு ஸ்பிண்டிலிலும் இடது கண் லென்ஸ் மற்றொன்றிலும் ஓடும். இடது லென்ஸிலேயே அதிகம் என்றால், ஒரு நாள் முழுதும் இடம் மாற்றி ஓட்டுங்கள். கீறல் வலது லென்ஸுக்கு மாறினால் அந்த ஸ்பிண்டிலின் அழுத்தம், லென்ஸைப் பிடிக்கும் பின், நீர்க்குழாய் இவற்றில் ஏதோ ஒன்று. மாறாவிட்டால் டூல் அல்லது லென்ஸ் பக்கம் தேடுங்கள். கீறல் இரண்டிலும் சமமாக வருகிறது என்றால் இரண்டுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: தொட்டி, தண்ணீர், பேட் வைக்கும் அலமாரி. இதற்கெல்லாம் ஒரு நோட்டுப்புத்தகம் போதும். வேலை எண், லென்ஸ் வகை, ஸ்பிண்டில், டூல் எண், நேரம், கீறலின் கையால் வரைந்த படம். யார் ஓட்டினார் என்ற பத்தியை முதல் வாரம் விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. அந்தப் பத்தி இருந்தால் ஆட்கள் கீறல் லென்ஸை ஒளித்து வைப்பார்கள், உங்களுக்குத் தகவலே வராது.

பாலிகார்பனேட் தனிக்கதை. சி.ஆர்.39 எனப்படும் 1.50 பிளாஸ்டிக்கை வெட்டினால் பொடியாக உதிரும். பாலிகார்பனேட் நீளமான இழைகளாகச் சுருண்டு வரும். அந்த இழைகள் வெட்டும் முனையைச் சுற்றிக்கொண்டால், ஏற்கெனவே வெட்டி முடித்த பரப்பின்மேல் அவற்றை இழுத்துக்கொண்டே போகும். கோணல்மாணலான ஆழமான கீறல்கள் வரும். உறிஞ்சும் குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முனை மழுங்கியிருந்தாலும் இழை சரியாக அறுபடாது. மேலும் இந்தப் பொருள் மென்மையானது. பாலிஷ் முடிந்து, பின்பரப்பில் ஹார்டு கோட்டிங் ஏறாத பாலிகார்பனேட் லென்ஸை விரலால் துடைத்தாலே கோடு விழும். 1.50 லென்ஸைக் கையாளும் அதே பழக்கத்தோடு இதையும் கையாண்டால் கீறல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஃபைனிங்கில்தான் நம் ஊர் லேப்கள் அதிகம் சிக்கனம் பிடிக்கின்றன. ஒருமுறைக்கென்று செய்யப்பட்ட பேட்டை இரண்டாவது லென்ஸுக்கும், சில சமயம் மூன்றாவதுக்கும் ஓட்டுகிறார்கள். ஒரு பேட் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு லென்ஸ் போகிறது. இது எந்தக் கணக்கிலும் லாபமில்லை. தேய்ந்த பேட் வெட்டுவதை நிறுத்தித் தேய்க்கத் தொடங்கும், முந்தைய தடம் அடியிலேயே தங்கிவிடும். பேட்டை டூலில் ஒட்டும்போது மடிப்போ, இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதோ இருந்தால் அந்த மேடு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு கோடு போடும். பழைய பேட்டின் பசை டூலில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான். முதல் பேட்டுக்கும் இரண்டாம் பேட்டுக்கும் நடுவே லென்ஸையும் டூலையும் மட்டுமல்ல, லென்ஸைப் பிடிக்கும் பின்களையும் சுற்றியுள்ள தொட்டிச் சுவரையும் நீரால் அடித்துக் கழுவ வேண்டும். முதல் பேட்டின் ஒரே ஒரு தடித்த துகள் இரண்டாம் கட்டத்துக்குள் வந்தால் போதும்.

கீறல் நடுவில் மட்டும் அல்லது ஓரத்தில் மட்டும் இருந்தால் அது தூய்மைப் பிரச்சினையே அல்ல. ஜெனரேட்டர் வெட்டிய வளைவும் டூலின் வளைவும் பொருந்தவில்லை. டூல் ஓரத்தில் முதலில் தொட்டால் நடுப்பகுதிக்குப் பேட் சரியாகப் போய்ச்சேராது, ஜெனரேட்டர் தடம் அங்கே அப்படியே நிற்கும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ஜெனரேட்டரிலிருந்து வந்த பரப்பின்மேல் மெழுகுப் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் போட்டு, ஃபைனிங்கில் சில விநாடிகள் மட்டும் ஓட்டி நிறுத்துங்கள். கோடுகள் எங்கே முதலில் அழிந்திருக்கின்றன என்று பாருங்கள். எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றாக அழிந்திருந்தால் வளைவு சரி. ஓரத்தில் மட்டும் அழிந்து நடுவில் கோடு நின்றால் ஜெனரேட்டரின் அளவைத் திருத்துங்கள். பேட்டின் தடிமன் டூலின் வளைவைச் சற்று மாற்றும், அதை டூல் வளைவில் கழித்துத்தான் வைத்திருப்பார்கள். நீங்கள் வேறு தடிமனில் பேட் வாங்கினால் அந்தக் கணக்கு முழுவதும் கலையும். பேட்களை மாற்றலாமா என்று கேட்டீர்களே, இதனால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறேன்.

பிளஸ் பவர் அதிகமான லென்ஸ்களில் வேறொரு தொல்லை. ஓரம் கத்தி முனை போல மெல்லியதாகிவிடும். ஃபைனிங்கிலோ பாலிஷிலோ அது நொறுங்கி, அந்தச் சில்லுகள் டூலுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். அந்த லென்ஸ் கீறுவது மட்டுமல்ல, சில்லு பாலிஷ் தொட்டிக்குள் போனால் அடுத்த வாடிக்கையாளரின் லென்ஸும் கீறும். ஜெனரேட்டரிலிருந்து எடுத்தவுடன் கூர் ஓரத்தைக் கையால் லேசாக மழுக்கிக் கழுவிவிட்டு அனுப்பினால் இது பெருமளவு நிற்கும்.

இப்போது தொட்டி. பாலிஷ் திரவம் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய அலுமினியம் ஆக்சைடு. துகள்கள் ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவில், தனித்தனியாக மிதக்கும்வரைதான் அது பாலிஷ். காய்ந்து ஒன்றோடொன்று கட்டியாகிவிட்டால் அதுவே அரைக்கும் கல். ஞாயிறு விடுமுறைக்கு மெஷினை நிறுத்தினால் தொட்டிச் சுவரிலும், மேல்கையிலும், மூடியின் உட்புறத்திலும் தெறித்த பாலிஷ் வெள்ளைப் பொருக்காகக் காய்ந்துவிடும். திங்கள் காலை மெஷின் அதிரத் தொடங்கியதும் அந்தப் பொருக்குகள் உதிர்ந்து உள்ளே விழும். நோட்டுப்புத்தகத்தில் திங்கள் காலையிலும் மின்வெட்டுக்குப் பிந்தைய மணி நேரத்திலும் கீறல்கள் அதிகமாக இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம். திரவத்தை எத்தனை முறை மாற்றினாலும், பொருக்கு ஒட்டிய அதே தொட்டியில் ஊற்றினால் புதிய பாலிஷ் பழைய கீறலைத்தான் தரும். உங்கள் லேப்பில் நடந்திருப்பது இதுவாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று நினைக்கிறேன். தொட்டியைக் காலியாக்கி, மூலைகள், பம்ப், குழாய், முனை எல்லாவற்றையும் கழற்றிச் சுரண்டிக் கழுவுங்கள். திரும்பி வரும் வழியில் உள்ள வடிகட்டியைப் புதிதாகப் போடுங்கள். நிறுத்தும் ஒவ்வொரு மாலையும் சுவர்களையும் மேல்கையையும் நீரால் அலசிவிட்டு மூடுங்கள். ஆனால் அந்த அலசிய நீர் தொட்டிக்குள் போகக் கூடாது, திரவம் நீர்த்துவிடும்.

சந்தேகத்தைத் தீர்க்கச் சோதனை வேண்டுமா? ஒரு சுத்தமான சிறிய வாளியில் புதிய பாலிஷைக் கலந்து, தொட்டியைத் தொடாமல், அதிலிருந்தே ஒரு லென்ஸுக்கு ஊற்றி ஓட்டுங்கள். புதிய பேட், கழுவிய டூல். கீறல் போய்விட்டால் குற்றவாளி தொட்டிக்குள் இருக்கிறது. போகாவிட்டால் திரவத்தை மறந்துவிட்டு முந்தைய கட்டங்களுக்குத் திரும்புங்கள்.

கலக்கும் தண்ணீர் சென்னையில் முக்கியமான விஷயம். குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கரைந்த உப்புகள் ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை, வேறு வழியில்லாவிட்டால் 2000வரை என்கிறது. கடினத்தன்மைக்கு 200, வழியில்லாவிட்டால் 600. குடிக்கத் தகுந்த நீர் பாலிஷுக்குத் தகுந்த நீர் ஆகிவிடாது. நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் மிதக்கும் துகள்களைத் திரளச் செய்யும். இந்த ஊரில் தண்ணீர் ஒரே மாதிரியும் வருவதில்லை. ஏரி நீர், கடல்நீரைச் சுத்திகரித்த நீர், லாரித் தண்ணீர், போர்வெல் என்று ஒரே சம்ப்புக்குள் எல்லாம் கலக்கின்றன. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது நகரமே லாரியை நம்பியிருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் சம்ப்பின் அடியில் மணலும் சேரும். பாலிஷ் கலக்கவும், ஆவியாகிக் குறைந்த நீரை ஈடுகட்டவும் ஆர்.ஓ. நீரை மட்டும் பயன்படுத்துங்கள். ஈடுகட்டுவதற்குப் போர்வெல் நீரை ஊற்றினால், நீர் ஆவியாகும், உப்பு தங்கும், வாரத்துக்கு வாரம் உப்பு ஏறிக்கொண்டே போகும். கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடைசியாக அலசும் நீரும் வடிகட்டியதாக இருக்கட்டும், உப்புக்கறை படிந்த லென்ஸைத்தான் ஆட்கள் அழுத்தித் துடைப்பார்கள்.

அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் நாள்தோறும் பார்த்து, தயாரிப்பாளர் சொல்லும் அளவில் வையுங்கள். வெப்பநிலை பெரும்பாலான பிளாஸ்டிக் பாலிஷ்களுக்கு 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் சில்லர் திணறும். காலையில் நன்றாக வந்த லென்ஸ் பிற்பகல் மூன்று மணிக்கு மூட்டமாக வந்தால் தெர்மாமீட்டரைத் தொட்டிக்குள் விட்டுப் பாருங்கள், சில்லரின் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள்.

கண்ணாடி லென்ஸும் அதே அறையில் செய்கிறீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. செய்தால், அதைச் சுவர் வைத்துப் பிரியுங்கள். கண்ணாடிச் சில்லும் அதற்குப் போடும் எமரியும் பிளாஸ்டிக்கின் ஜென்ம விரோதிகள். ஏப்ரனும் தட்டும்கூடத் தனியாக இருக்க வேண்டும். பிளாக் செய்ய உலோகக் கலவை பயன்படுத்தினால் அதன் துணுக்குகளும் கழுவும் தொட்டியிலிருந்து கிளம்பி வரும். 47 டிகிரியில் உருகும் கலவையில் ஈயமும் காட்மியமும் உண்டு, அதைத் தொட்ட கையோடு டீ குடிக்கப் போகாதீர்கள். இது கீறலுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. வெளித் தூசியும் கணக்கில் வர வேண்டும். மெட்ரோ ரயில் பணி நடக்கும் சாலையோரம் லேப் இருந்தால் ஜன்னலைத் திறந்து காற்று வாங்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

பாலிஷ் முடிந்த பிறகு விழும் கீறல்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மெஷினிலிருந்து எடுத்த லென்ஸில் பாலிஷ் ஈரமாக இருக்கும்போதே நிறைய நீரில் அலச வேண்டும். காய்ந்தபின் துணியால் துடைப்பது, துணிக்கு நடுவே மணல் வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். துடைக்கும் துணியைச் சோப்புப்பொடியில் துவைத்து மொட்டை மாடியில் காயப்போடும் லேப்கள் உண்டு. அந்தத் துணியில் தெருவே ஒட்டியிருக்கும். டேப்பின் பசை போகவில்லை என்று நகத்தால் சுரண்டுவதும், ஒரு தட்டில் நான்கு லென்ஸ்களைப் போட்டு அவை ஒன்றோடொன்று உரசவிடுவதும் இதே வகை.

உங்கள் விஷயத்தில் இன்னொரு இடம் இருக்கிறது: கோட்டிங்குக்குப் போகும் வழி. ஹார்டு கோட்டிங் ஏறாத பின்பரப்போடு லென்ஸ்கள் காகித உறைக்குள், ஒருவருடைய பையில், இரு சக்கர வாகனத்தில் சென்னைச் சாலைப் பள்ளங்களில் குலுங்கிப் போகின்றன. காகிதமே பாலிகார்பனேட்டைக் கீறும். அனுப்புவதற்கு முன் டார்ச்சில் பார்த்துச் சுத்தமான லென்ஸ்களை மட்டும் குறித்து அனுப்புங்கள். லென்ஸின் ஓரத்தை மட்டும் பிடிக்கும் தட்டில் வைத்து அனுப்பிப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் உங்கள் மெஷின்கள் நிரபராதிகள்.

கோட்டிங்குக்குப் பின் கீறல் திடீரென அதிகமாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. எதிரொளிப்பைக் குறைக்கும் ஏ.ஆர். பூச்சு பரப்பின் பளபளப்பை நீக்கிவிடுவதால், சிதறும் ஒளி மட்டும் மிச்சமாகி மெல்லிய கோடும் எடுப்பாகத் தெரியும். 1.50 லென்ஸில் ஹார்டு கோட்டிங் மயிரிழைகளை நிரப்பி ஓரளவு மறைத்துவிடும், ஏனென்றால் இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஏறக்குறைய ஒன்று. பாலிகார்பனேட் 1.586 என்பதால் அதே பூச்சு அதே அளவுக்கு மறைக்காது. "ஒரே மாதிரிதான் பாலிஷ் செய்கிறோம், பாலிகார்பனேட்டில் மட்டும் வருகிறது" என்ற புகாரில் பாதி இதனால்தான். வலை போலப் பின்னிய, நகத்துக்குத் தட்டுப்படாத கோடுகள் என்றால் அது கீறலே அல்ல, பூச்சு வெடித்திருக்கிறது. அதிக வெப்பம்தான் வழக்கமான காரணம். வெயிலில் பூட்டிய காரின் டாஷ்போர்டில் கண்ணாடியை விட்டுவந்த வாடிக்கையாளரின் லென்ஸும் இப்படித்தான் இருக்கும்.

கடைசியாக, கீறிய லென்ஸை என்ன செய்வது? முதலில் ஃப்ரேமை அதன்மேல் வைத்துப் பாருங்கள். 70 மில்லிமீட்டர் லென்ஸின் ஓரத்தில் உள்ள கோடு எட்ஜிங்கில் வெட்டுப்பட்டுப் போய்விடலாம். கண்கண்ணாடி லென்ஸுக்கான ஐ.எஸ்.ஓ. 8980 தரநிலை, குறிப்புப் புள்ளியைச் சுற்றி 30 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் பார்வையைக் கெடுக்கும் குறை எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. அந்த வட்டத்துக்குள் என்றால் யோசிக்காமல் ஒதுக்குங்கள். சாதாரண ஸ்பியர், சிலிண்டர் லென்ஸ் என்றால், தடிமன் இடம் கொடுத்தால், இரண்டாம் ஃபைனிங்குக்குத் திருப்பி அனுப்பி மீட்கலாம். முடிந்ததும் பவரையும் நடுத் தடிமனையும் மறுபடி அளக்க வேண்டும். பிளாக்கிலிருந்து கழற்றிவிட்ட லென்ஸை மீண்டும் பிளாக் செய்து மீட்கப் பார்ப்பது அநேகமாக வீண். ஆக்சிஸும் பிரிசமும் நகர்ந்துவிடும். பின்பரப்பில் டிசைன் வெட்டிய ஃப்ரீஃபார்ம் லென்ஸை மறுபடி தேய்த்தால் டிசைனே அழிந்துபோகும், அதைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். ஒதுக்கிய லென்ஸ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதியும் ஸ்பிண்டிலும் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த முறை பேட் விற்பவரோ பாலிஷ் விற்பவரோ வந்து தன் சரக்கைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும்போது, அந்தப் பெட்டியை முன்னால் வைத்து, இதில் எந்தக் கோட்டை உங்கள் சரக்கு நீக்கும் என்று கேளுங்கள்.